இழுப்பறையில் பூட்டி வைத்த நாரைகள்

நம் போட்டோகிராபர் சங்கத்தின் போன கூட்டத்தில் ஒரு சலசலப்பு நடந்ததே, ஞாபகம் இருக்கிறதா? மலையடிவாரத்தில் எடுத்த நாற்பது ஐம்பது படங்களை நெட்டில் இலவசமாகப் போட்டுவிட்டதாக ரம்யா சொன்னாள். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதியும் வைத்துவிட்டாளாம். “அதே அணிலப் படம் எடுக்க அம்புட்டுப் பேரும் அதே மரத்தடியில போயி நிக்க வேண்டாம்ல சார். படம் இருக்கு, வேணுங்கிறவங்க எடுத்துக்கட்டும். காட்டுக்கும் நல்லது” என்று காரணமும் சொன்னாள். உடனே நாலைந்து பேர் சிரித்தீர்கள். “காட்டக் காப்பாத்துறது இருக்கட்டும்மா, மொதல்ல நம்ம பொழப்பக் காப்பாத்து” என்று ஒருவர் சொல்ல, கூட்டம் மொத்தமும் சிரித்தது.

நான் சிரிக்கவில்லை. பெரியவருக்குக் காது கேட்கவில்லை போல என்று நினைத்திருப்பீர்கள். காதெல்லாம் நன்றாகவே கேட்கிறது. வீட்டுக்குப் போய்ச் சாப்பாடு இறங்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இந்தத் தொழிலில் நான் செய்த தப்புகளில் பாதியைச் சொல்லிச் சிரிக்கலாம். லென்ஸ் மூடியைக் கழற்றாமலே ஒரு காதுகுத்து முழுவதையும் எடுத்திருக்கிறேன். பிலிம் போடாத காமிராவை வைத்துக்கொண்டு ஒரு தாலி கட்டையும் எடுத்திருக்கிறேன். அதற்கெல்லாம் வாங்க வேண்டிய திட்டை வாங்கியாயிற்று. இது அந்த மாதிரி இல்லை. இதை இதுவரை நம் ஆட்கள் யாரிடமும் சொன்னதில்லை.

எண்பதுகளில் எனக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஸ்டூடியோ. கல்யாணம், பாஸ்போர்ட் படம் எல்லாம் போக, சிவகாசி காலண்டர் அச்சகம் ஒன்றுக்குக் கலர் ஸ்லைடு எடுத்துக் கொடுப்பேன். உங்களில் பலர் ஸ்லைடைப் பார்த்தே இருக்க மாட்டீர்கள். பிலிமிலேயே நிறத்தோடு விழுகிற படம் அது. அதை வைத்துத்தான் அச்சுக்குத் தகடு தயாரிப்பார்கள். ஒரு ரோலில் பன்னிரண்டு படம் விழும். அதில் ஒன்று அச்சகத்துக்குப் போகும். மிச்சம் பதினொன்றை என்ன செய்வோம்? பூட்டி வைப்போம். வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது, காட்டவும் கூடாது. அதுதான் தொழில் முறை. எனக்கு வேலை பழக்கிய முதலாளி பிலிம் இழுப்பறைச் சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டியிருப்பார். “காட்டுன படம் செத்த படம்லே” என்பார். அவர் நல்ல மனிதர், பசிக்குச் சோறு போட்டவர். ஆனாலும் அந்த ஒரு பாடத்தை அவர் எனக்குச் சொல்லித் தராமலே இருந்திருக்கலாம்.

அந்த முறையால் என்ன ஆகும் தெரியுமா? ஒரே அருவியை எடுக்க அஞ்சு அச்சகம் அஞ்சு ஜீப் அனுப்பும். ஒரே கோபுரத்தை எடுக்கப் பத்துப் பேர் பத்து மாடியில் ஏறி நிற்பார்கள். முன்னால் போனவன் எடுத்த படம் எங்கேயோ ஒரு பெட்டியில் சும்மா கிடக்கும். அது எங்களுக்குக் கிறுக்குத்தனமாகவே தெரியவில்லை.

கூமாப்பட்டிக்கும் கான்சாபுரத்துக்கும் இடையில் ஒரு கண்மாய். பேர் வேண்டாம். உள்ளே நாட்டுக் கருவேல மரங்கள் நிற்கும். கார்த்திகை மழைக்குக் கண்மாய் பெருகி மரங்கள் இடுப்பளவு தண்ணீரில் நிற்கும்போது மஞ்சமூக்கு நாரைகள் வந்து கூடு கட்டும். வால் பக்கம் ரோஸ் நிறத்தில் இறகு இருக்கும். பார்த்தால் கண்ணை எடுக்க முடியாது. அவை இருக்கிற மாதங்களில் அந்த ஊரில் வெடிச் சத்தமே கேட்காது. கல்யாணமானாலும் சாவானாலும் கிடையாது. சிவகாசிக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு வெடி போடாத ஊர் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். நாரைகளின் எச்சம் விழுந்த தண்ணீர் வயலில் பாய்ந்தால் பாதி உரம் மிச்சம் என்பது அவர்கள் கணக்கு. ஆனால் உரத்துக்காக மட்டும் ஒரு ஊர் அப்படி வாயை மூடிக்கொண்டு இருக்காது. அந்தப் பறவைகள் மேல் அவர்களுக்கு ஒரு பாசம் இருந்தது.

அச்சகத்தில் கூடும் குஞ்சுமாக ஒரு பறவைப் படம் கேட்டார்கள். ஒரு மாசி மாதம் அங்கே போய் நீர்ப்பாய்ச்சி வேலுச்சாமியைப் பார்த்தேன். மடையைத் திறந்து அடைத்து, யார் வயலுக்கு எப்போது தண்ணீர் என்று முறை வைக்கிறவர்தான் நீர்ப்பாய்ச்சி. கண்மாய்க்குள் ஒரு ஆள் இறங்க வேண்டுமென்றாலும் அவர் சம்மதம் வேண்டும். நாற்பது வயதிருக்கும். ஒல்லியான உடம்பு. ஒரு பேச்சுக்கும் அடுத்த பேச்சுக்கும் நடுவில் பீடி ஒன்றை முடித்துவிடுவார்.

“எத்தன பேரு வருவீக?”

“நான் ஒருத்தன்தான்.”

“எத்தன நாளு?”

“ஒரே நாளு.”

“நீங்க எடுத்துட்டுப் போயிருவீக. பொறவு இன்னொருத்தன் வந்து, அவரு எடுத்தாரு, நானும் எடுக்கணும்னு நிப்பான். அவனுக்குப் பின்னால ஒருத்தன் வருவான். நான் என்ன செய்ய?”

“படம்னு ஒண்ணு ஆயிட்டா இன்னொருத்தன் எதுக்கு வாரான்? அதுக்கு நான் பொறுப்பு.”

அவர் பீடியை அணைத்தார். “ஊர்ல என்னையத்தான் கேப்பாக. ஒங்க சொல்ல நம்பி விடுதேன் அண்ணாச்சி” என்றார்.

சொல்லத்தான் செய்தேன். யோசித்துச் சொல்லவில்லை. படம் எடுக்கிற அவசரத்தில் வாயில் வந்ததைச் சொன்னேன். நீங்களும் சொல்வீர்கள். கல்யாண வீட்டில், கோவிலில், காட்டில், உள்ளே விடுவதற்காக என்ன வேண்டுமானாலும் சொல்வீர்கள். அப்படிச் சொன்ன சொல்லை உங்களை உள்ளே விட்ட ஆள் ராத்திரி பகலாகச் சுமந்துகொண்டிருப்பார் என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

விடியுமுன் தண்ணீருக்குள் இறங்கினேன். சாக்கை மறைப்பாகக் கட்டிக்கொண்டு, இருட்டும்வரை அசையக் கூடாது என்பது வேலுச்சாமியின் கட்டளை. எனக்கு முன்னால் தாழ்வான மரத்தில் ஒரு கூடு, அதில் மூன்று குஞ்சுகள். கூட்டுக்கு மேலே ஒரு கொப்பு நீட்டிக்கொண்டு நிழல் கொடுத்தது. அது லென்ஸுக்குக் குறுக்கே வந்தது. அரிவாள் இருந்தால் ஒரு வெட்டு. கை அரிக்கத்தான் செய்தது. ஆனால் நடு மத்தியானம் கொப்பு நிழல் விலகிய சமயத்தில் தாய்ப்பறவை சிறகை விரித்துக் குஞ்சுகளுக்குக் குடை பிடித்ததைப் பார்த்தேன். அப்புறம் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். சாயங்காலம் வெயில் சாய்ந்து கொப்புக்கு அடியில் நுழைந்தது. பன்னிரண்டும் அந்தப் பத்து நிமிடத்தில் எடுத்தவை. கரையேறும்போது கால் ஊறி வெளுத்துக் கிடந்தது. வேலுச்சாமி துண்டு கொடுத்துத் துடைக்கச் சொன்னார். “ஒரு பறவகூட எந்திரிக்கல. நல்ல மனுசன்யா நீரு” என்றார். அந்தச் சொல் இன்றைக்கும் என்னைக் குத்துகிறது.

பன்னிரண்டுமே தேறின. ஒன்று அச்சகத்துக்குப் போனது. பதினொன்று இழுப்பறைக்குள் போனது.

பத்து நாள் கழித்து, நான் கண்மாயில் பறவை எடுத்ததைக் கேள்விப்பட்டு அருளப்பன் வந்தான். ராஜபாளையத்தில் ஸ்டூடியோ வைத்திருந்தான். என்னைவிட நாலு வயது இளையவன். எனக்கு மஞ்சள் காமாலை வந்து படுத்தபோது நான் ஒத்துக்கொண்ட மூன்று கல்யாணத்தையும் என் பேரிலேயே எடுத்துக் கொடுத்தவன். வேறொரு அச்சகத்துக்கு ஸ்லைடு எடுப்பான். அந்த வருடம் அவன் கொடுத்த படம் ஒன்றும் அவர்களுக்குப் பிடிக்கவில்லை. கூட்டோடு ஒரு பறவைப் படம் கொண்டுவா, இல்லையென்றால் இனி வராதே என்று சொல்லிவிட்டார்கள்.

“அண்ணாச்சி, ஒங்ககிட்ட மிச்சம் இருந்தா ஒண்ணு குடுங்க. ஒங்க பேரையே போடச் சொல்லுதேன். எனக்குப் பேரும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். இந்த ஒரு வருசம் தப்பிச்சிருவேன். இல்லாட்டி நானே அந்தக் கண்மாய்க்குப் போகணும். எனக்குப் பறவ எடுத்துப் பழக்கமில்ல. எதாச்சும் ஏடாகூடமாப் பண்ணிருவேன்னு பயமா இருக்கு.”

அவனே சொன்னான், பாருங்கள். ஏடாகூடமாகப் பண்ணிவிடுவேன் என்று அவன் வாயாலேயே சொன்னான். என் முழங்காலுக்கு நேரே இழுப்பறை. உள்ளே பதினொன்று. வேலுச்சாமிக்கு நான் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற ஒரு சாவியைத் திருகினால் போதும். ஆனால் எனக்கு அப்போது வேலுச்சாமி ஞாபகமே வரவில்லை. என் படம் இன்னொரு காலண்டரில் வந்தால் என் அச்சகத்தில் என்ன நினைப்பார்கள் என்பதுதான் ஞாபகம் வந்தது. அதைவிடக் கேவலமாக இன்னொன்றும் இருந்தது. நாள் முழுக்கத் தண்ணீரில் நின்றவன் நான், இவன் ஸ்கூட்டரில் வந்து வாங்கிக்கொண்டு போவதா என்ற கடுப்பு.

தர மாட்டேன் என்று சொல்லியிருந்தால் அது தொழில் முறை, அதோடு போயிருக்கும். ஆனால் மஞ்சள் காமாலைக்கு உதவியவன் முகத்தைப் பார்த்துத் தர மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. அதனால் பொய் சொன்னேன்.

“எங்கப்பா, படமே தேறல. கூட்டுக்கு மேல ஒரு கொப்பு. எல மறைச்சு பன்னெண்டும் போச்சு.”

“அய்யய்யோ! நாள் பூரா தண்ணிக்குள்ள நின்னீகளாமே அண்ணாச்சி!” அவன் எனக்காக வருத்தப்பட்டான். காப்பி வாங்கி வரச் சொல்லி எனக்கு ஆறுதல் சொன்னான். பிறகு எழுந்து, “அப்பம் நான்தான் போயிப் பாக்கணும். வாரேன்” என்று சொல்லிவிட்டுப் போனான். வாசலில் அவன் ஸ்கூட்டர் லேசில் கிளம்பவில்லை. உதைத்துக்கொண்டே இருந்தான். நான் உள்ளே உட்கார்ந்து அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஏலே அருளப்பா, இங்க வா என்று ஒரு சத்தம் போட்டிருக்கலாம். வண்டி கிளம்பிப் போய்விட்டது.

நாலாம் நாள் மத்தியானம் வேலுச்சாமி வந்து நின்றார். கடைக்குள் வரச் சொன்னேன், வரவில்லை. வாசலில் நின்றபடியே பேசினார்.

“ஒரு ஆளு வந்தான். ஒங்க பேரச் சொல்லித்தான் வந்தான். அவியளுக்குத் தேறலையாம், கொப்பு மறைச்சிருச்சாம்னான். நான் வேண்டாம்னு சொல்லிட்டுத்தான் களத்துக்குப் போனேன். அங்கிட்டுப் போகவும் எறங்கிட்டான். காலைல மொத வேலையா அந்தக் கொப்ப வெட்டிருக்கான். பொறவு சாயங்காலம் வரைக்கும் கூட்டுக்குப் பக்கத்துலயே நின்னுருக்கான். மறைப்பும் இல்ல, ஒரு எழவும் இல்ல. தாய்ப்பறவ சுத்திச் சுத்தி வருது, எறங்க மாட்டேங்குது. வெயிலு அந்தா அடி அடிக்கி. மூணும் வாயத் தொறந்துக்கிட்டே கெடந்திருக்கு. ரெண்டு அன்னைக்கே போச்சு. ஒண்ணக் காலைல காக்கா தூக்கிருச்சு.”

பீடி ஒன்றைப் பற்ற வைத்தார். “பக்கத்து மரத்துல உள்ளதுகளும் ஒண்ணொண்ணா எந்திரிச்சுப் போயிட்டு. முட்டையக்கூட விட்டுட்டுப் போகுதுக. ஊர்ல கூடி மடைப் பொறுப்ப எங்கிட்டருந்து வாங்கிட்டாக.”

நான் நாற்காலியை இழுத்து வாசலில் போட்டேன். அவர் உட்காரவில்லை.

“தேறலன்னா எங்கிட்ட வந்து சொல்லிருக்கலாம்ல அண்ணாச்சி. ஒங்களயே இன்னொரு நாளு விட்டுருப்பேன். ஒங்களுக்குத்தான் நிக்கத் தெரியுமே.”

அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். படம் தேறியது, உள்ளே இருக்கிறது, நான்தான் பொய் சொன்னேன் என்று. நான் தலையைக் குனிந்துகொண்டு, “தப்பாப் போச்சு வேலுச்சாமி” என்றேன். எந்தத் தப்பு என்று சொல்லவில்லை. அவர் பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

பங்குனி கடைசியில் அருளப்பன் மறுபடி வந்தான். குஞ்சுகள் செத்தது அவனுக்கும் தெரிந்திருந்தது. ஆளே இளைத்திருந்தான். சட்டைப் பையிலிருந்து வெள்ளைத் தாளில் சுற்றிய ஒன்றை எடுத்து என் கையில் வைத்தான். ஒரு ஸ்லைடு.

“ஒங்களுக்குத்தான் அண்ணாச்சி. எனக்குத் தேறுனதே மூணுதான். ஒண்ணக் குடுத்துட்டேன். ஒங்களுக்கு ஒண்ணும் தேறலன்னீகள்ல, ஒங்க அச்சகத்துல குடுங்க. நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேன். படம் இல்லன்னு நீங்க மறுபடி ஒரு கண்மாயத் தேடிப் போக வேண்டாம். நான் செஞ்ச பாவம் போதும்.”

டியூப் லைட்டுக்கு நேரே தூக்கிப் பார்த்தேன். மூன்று குஞ்சுகள், அலகு விரியத் திறந்து. ஒரு இலை நிழல் இல்லை, பளீரென்ற வெயில். தெரியாதவர்கள் பார்த்தால் தாயிடம் இரை கேட்கிற குஞ்சுகள் என்பார்கள். அவை மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தன. “சரிப்பா, இருக்கட்டும்” என்று வாங்கி, அந்தப் பதினொன்று கிடந்த அதே இழுப்பறையில் போட்டுப் பூட்டினேன். இப்படியும் ஒரு மனுசன் இருப்பானா என்று நீங்கள் கேட்கலாம். இருந்தேன்.

ரம்யா, நீ போடு. சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். நீ போட்ட ஒரு படத்தால் ஒரு ஆள் அந்த மரத்தடிக்குப் போகாமல் இருந்தால் அதுவே போதும். ஒன்று மட்டும் கவனமாக இரு. படத்தைக் கொடு, இடத்தைக் கொடுக்காதே. எந்த மரம், எந்தக் கண்மாய் என்று எழுதிவைத்தால் படம் வேண்டாதவனும் கிளம்பி வந்துவிடுவான். மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. பிழைப்பு போய்விடும் என்கிறீர்கள். கூலிக்கு எடுத்த கல்யாணப் படத்தை ஊருக்குக் கொடு என்று யாரும் கேட்கவில்லை. ஹார்ட் டிஸ்க்கில் ஆயிரக்கணக்கில் சும்மா கிடக்கிறதே, யாருக்கும் ஆகாமல், உங்களுக்கும் ஆகாமல், அதைத்தான் சொல்கிறேன்.

விட்ட இடத்துக்கு வருகிறேன். மார்கழி பிறந்தது, காலண்டர்கள் வந்தன. எனக்கு அதுவரை உறைக்காத விஷயம், என் படமும் சுவர்களில் தொங்கும் என்பது. இத்தனை வருடம் தொழில் செய்தவனுக்கு இது தெரியாதா? பயத்தில் நினைக்காமலே இருந்துவிட்டேன். பொங்கல் கழிந்து ஒரு நாள் அருளப்பன் சுருட்டிய காலண்டரோடு வந்தான். என் மேசைமேல் விரித்தான். சாயங்கால வெயிலில் தாயும் மூன்று குஞ்சுகளும். கீழே மூலையில் என் ஸ்டூடியோ பேர்.

“கொப்பு மறைக்கலையே அண்ணாச்சி” என்றான்.

சாவியை எடுத்து இழுப்பறையைத் திறந்து, எல்லாவற்றையும் அவன் முன்னால் வைத்தேன். அவன் ஒவ்வொன்றாகத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தான். என்னை அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“அரிவாளே கொண்டுபோயிருக்க மாட்டேன்” என்றான். “கொப்பு மறைக்குதுன்னு நீங்க சொன்னதுனாலதான் கடைல போயி அரிவாள் வாங்குனேன்.” மேசையில் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதான். எனக்கும் அழுகை வந்தது. நான் அழ என்ன யோக்கியதை என்று அடக்கிக்கொண்டேன்.

மறுநாள் இரண்டு பேரும் ஸ்கூட்டரில் வேலுச்சாமியைத் தேடிப் போனோம். கண்மாய் அந்த வருடமும் நிறைந்துதான் இருந்தது. கருவேல மரங்கள் தண்ணீரில் நின்றன. ஒரு நாரைகூட வரவில்லை. மடையில் வேறொரு ஆள் நின்றார். வேலுச்சாமி யாருடைய வயலிலோ கூலிக்கு வரப்பு வெட்டிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் மண்வெட்டியை வைத்துவிட்டு வந்தார். வரப்பில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். எதையும் மறைக்கவில்லை. ஊர்க் கூட்டத்தில் வந்து சொல்லவும் தயார் என்றேன். அதன்படி பிற்பாடு சொன்னேன், மடைப் பொறுப்பு அவருக்குத் திரும்பக் கிடைத்தது. ஆனால் அன்றைக்கு அவர் அதைப் பற்றியே கேட்கவில்லை.

“படம் ஒங்க பொட்டிக்குள்ளதான் இருந்துச்சா?”

“ஆமா.”

“எத்தன?”

“பதினொண்ணு.”

அவர் அருளப்பனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவருக்குக் கோபம் வந்ததாகத் தெரியவில்லை. புரியாத ஒன்றைப் புரிந்துகொள்ளப் பார்க்கிறவர் மாதிரி நின்றார்.

“ஒண்ண இவருக்குக் குடுத்தா ஒங்களுக்குக் கொறஞ்சு போயிருமா அண்ணாச்சி?”

“கொறையாது” என்றேன்.

“பொறவு எதுக்குக் குடுக்கல?” என்று கேட்டார். நான் சொல்வேன் என்று வெகுநேரம் காத்துக்கொண்டு நின்றார்.